ஒரு கத்தியும் மூன்று காவல்களும்

கத்தி என்ற சொல்லைக் கேட்டவுடனே பெற்றோர் பலர் முகம் சுளிப்பர். நாளேடுகளில் அன்றாடம் நாம் படிக்கும் செய்திகள் அத்தகையவை. ஆயினும் கத்தி இல்லாத வீடு எங்கேனும் உண்டா? காய் நறுக்குவதற்கும், கயிறு அறுப்பதற்கும், மரம் சீவுவதற்கும் அதுவே துணை. தீமை இரும்பில் இல்லை; அதை ஏந்தும் கை பெற்ற பயிற்சியைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைகின்றன.

அந்தப் பயிற்சியை எங்ஙனம் அளிப்பது? ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன், ஃபின்லாந்து ஆகிய நாடுகளில் இதற்கு அழகியதொரு வழி உண்டு. அங்கே ஆர்வமுள்ளோர் கடையில் வெறும் அலகை மட்டும் வாங்கி, அதற்குத் தம் கையாலேயே பிடி அமைத்து, அலகின்மேல் கருமைப் படலம் ஏற்றி, தோலால் உறையும் தைத்துக்கொள்கின்றனர். பார்வைக்கு இஃது ஒரு பொழுதுபோக்கு. உற்று நோக்கினாலோ, இம்மூன்றும் மூன்று காவல்கள் என்பது விளங்கும். பிடி, வேலை செய்பவனைக் காக்கிறது. கருமை, அலகைக் காக்கிறது. உறை, பிறரைக் காக்கிறது.

மோரா நகரின் கத்தி

சுவீடன் நாட்டின் நடுப்பகுதியில் டாலர்னா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே சில்யான் ஏரிக்கரையில் அமைந்துள்ள மோரா என்னும் ஊரும், அதனை அடுத்த ஓஸ்ட்நோர் என்னும் சிற்றூரும் பல நூற்றாண்டுகளாகக் கொல்லர்களுக்குப் பெயர் பெற்றவை. ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் அமெரிக்காவில் சில ஆண்டுகள் உழைத்துத் தாயகம் திரும்பி, 1891ஆம் ஆண்டில் ஓஸ்ட்நோரில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். வெட்டிய மரங்களைப் பனியின்மீது இழுத்துச் செல்லும் சறுக்கு வண்டிகளைச் செய்வதே அவருடைய நோக்கம். கத்திகளும் பிற கருவிகளும் அங்கே உடன் செய்யப்பட்டன. நாளடைவில் வண்டிகள் பின்தங்க, கத்தியே முதன்மைத் தொழிலாயிற்று. 1912ஆம் ஆண்டில் அதே வட்டாரத்தில் மற்றொரு கத்தித் தொழிற்சாலையும் தோன்றியது. 2005இல் இரண்டும் ஒன்றாயின. 2016 முதல் அந்நிறுவனம் மோராக்னிவ் என்னும் பெயர் கொண்டுள்ளது.

மோராக் கத்தி மடக்குக் கத்தி அன்று. அலகும் பிடியும் அசையாது இணைந்த கத்தி. அதன் பழைய வடிவத்தில் அலகு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுடையது. பிர்ச் என்னும் மரத்தால் ஆன சிவப்பு வண்ணப் பிடி அதற்கு அடையாளம். சிலவகை அலகுகளில் கடினமான உருக்கு நடுவிலும், மென்மையான உருக்கு இரு பக்கங்களிலும் ஒட்டியிருக்கும். நடுப்பகுதி கூர்மையைத் தாங்கும். பக்கங்கள் அலகு முறியாமல் தாங்கும். விலையும் எளியோர்க்கு எட்டக்கூடியதே. பிடி இல்லாத வெற்று அலகும் தனியாக விற்கப்படுவதால், தம் கைக்கேற்பக் கத்தி அமைத்துக்கொள்ள விரும்புவோர் அதனை நாடுகின்றனர்.

பள்ளிக்குள் வந்த கத்தி

கத்தியைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் முறையாகக் கொடுத்த பெருமையும் இவ்விரு நாடுகளுக்கு உரியது. ஃபின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால், 1866ஆம் ஆண்டில் வந்த மக்கள் பள்ளிச் சட்டம் கைத்தொழிலைப் பாடமாக்கியது. சுவீடனில் ஓட்டோ சாலமோன் (1849-1907) என்பவர் கோதன்பர்க் நகருக்கு அருகிலுள்ள நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்களுக்கு மரவேலைப் பயிற்சி அளித்தார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே சென்று கற்றனர். சுவீடன் மொழியில் இக்கைத்தொழிற் கல்விக்கு ‘ஸ்லோய்ட்’ என்று பெயர். சாலமோன் மாணவரின் கையில் முதலில் கொடுத்த கருவி எது தெரியுமா? வாள் அன்று, உளி அன்று, கத்தியே!

அவர் கொள்கை தெளிவானது. மாணவன் செய்யும் கரண்டி நன்றாக அமைய வேண்டும் என்பது உண்மையே. ஆனால் கரண்டியைச் செய்யும்போது மாணவன் நன்றாக அமைகிறானா என்பதே பெரிது. பொறுமை, ஒழுங்கு, தன் கையில் நம்பிக்கை, உடல் உழைப்பில் மதிப்பு ஆகியவையே அப்பாடத்தின் உண்மையான விளைச்சல். கைத்தொழில் இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக இருந்து வருகிறது.

முதற் காவல்: பிடி

அலகின் பின்புறம் வால்போல் ஒடுங்கி நீண்டிருக்கும். அந்த வால் மரத்துக்குள் புகுந்து நிற்பதே பிடியின் வலிமை. முதலில் அலகின் கூரிய பகுதியைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இதனைச் செய்யாதவர் பிடியை முடிக்கும் முன்னரே விரலை அறுத்துக்கொள்வர். பின்னர், நன்கு உலர்ந்த மரத்துண்டில் அருகருகே துளைகளிட்டு, சிறிய அரத்தால் அவற்றை ஒன்றாக்கி, வால் இறுக்கமாகப் புகும் அளவுக்கு ஒரு பொந்து அமைப்பர். மரமும் அலகும் சந்திக்கும் இடத்தில் பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்துவதும் உண்டு. எபாக்சி பசையிட்டு ஒரு நாள் அசையாமல் வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பிடிக்கு அந்நாட்டார் பெரிதும் விரும்புவது சுருள் ரேகைகள் ஓடும் பிர்ச் மரம். பிர்ச் மரத்தின் பட்டையைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வாலில் கோத்து, இறுக்கிச் செதுக்கியும் பிடி செய்வர். இந்தப் பட்டைப் பிடி கடுங்குளிரிலும் கையைச் சில்லிட வைக்காது, ஈரத்திலும் வழுக்காது.

இனிச் செதுக்கும் கட்டம். சிறிது செதுக்குவது, கையில் பிடித்துப் பார்ப்பது, மீண்டும் செதுக்குவது என்றே வேலை நடைபெற வேண்டும். நடுவில் சற்றே பருத்து, இரு முனைகளிலும் ஒடுங்கினால் உள்ளங்கைக்கு இதமாக இருக்கும். தந்தைக்கு ஏற்ற பிடி பத்து வயது மகனுக்குப் பொருந்துமா? பொருந்தாத பிடியே கை நழுவக் காரணமாகிறது. பிறகு சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி மென்மையானதில் முடித்து, ஆளிவிதை எண்ணெயைப் பல முறை மெல்லியதாகப் பூசுவர். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

இரண்டாம் காவல்: கருமை

பழைய இரும்பு அரிவாள்மனையில் மாங்காயையோ வாழைப்பூவையோ நறுக்கினால் இரும்பு கறுத்துப்போவதை நம் இல்லத்தரசியர் அறிவர். கத்திக்குக் கருமை ஏற்றும் கலையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். புளிப்புப் பொருளிலுள்ள அமிலம் உருக்கின் மேற்பரப்போடு வினைபுரிந்து, சாம்பல் நிறமோ கருநிறமோ கொண்ட மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. சிவப்புத் துரு இரும்பை உதிர்த்துத் தின்னும். இப்படலமோ இரும்போடு ஒட்டி நின்று, அத்துரு எளிதில் பற்றாதவாறு ஓரளவு தடுக்கும்.

அலகைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசை முழுதும் போக்கிய பின், வெதுவெதுப்பான வினிகரில் அரை மணி நேரம் அளவில் அமிழ்த்தி வைப்பர். எடுத்துத் துடைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவினால் எஞ்சிய அமிலம் முறிந்துவிடும். பின்னர் நன்கு உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். அரைத்த கடுகு விழுதை அங்கங்கே புள்ளியாக இட்டுக் கோலம்போன்ற வடிவங்களை வரைவோரும் உண்டு. எதுவும் செய்யாமல் ஆப்பிளும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நறுக்கி வந்தாலே போதும், காலம் தானே கருமை ஏற்றும் என்று காத்திருப்போரும் உண்டு.

இக்கலை கார்பன் உருக்குக்கே உரியது. துருப்பிடிக்காத உருக்கில் குரோமியம் மிகுந்திருப்பதால் வினிகர் அதனைக் கறுக்கச் செய்யாது. கருமை ஏறிய அலகும் துருவை முற்றிலும் வென்றுவிடுவதில்லை. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெயிடும் பழக்கமே அதற்கு உண்மையான மருந்து. பராமரிப்பை மறந்தவனின் சோம்பலைக் கார்பன் உருக்கு மறுநாளே காட்டிக் கொடுத்துவிடும்!

மூன்றாம் காவல்: உறை

உறையில்லாத கத்தி கதவில்லாத அடுப்பறை போன்றது. குழந்தை எந்நேரமும் உள்ளே நுழையலாம். உறைக்கு ஏற்றது, மரப்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல். அது நனைத்தால் இளகி, உலர்ந்தால் தான் கொண்ட வடிவத்திலேயே நிலைத்து நிற்கும். இத்தகைய தோல் நமக்குப் புதியதன்று. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோலுக்குத் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்கள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. கடல் கடந்து சென்ற அத்தோல் வணிக உலகில் ‘ஈ.ஐ. தோல்’ என்று வழங்கப்பட்டது.

ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலைக் கத்தியின் அளவுக்கு வெட்டி, நீரில் நனைத்து, நீர் புகாத தாளில் பொதிந்த கத்தியின்மேல் அழுத்தி வடிவமைப்பர். கத்தியின் கூர்முனை தையல் நூலை அறுத்துவிடாதிருக்க, ஓரத்தில் மற்றொரு தோற்பட்டையை இடையில் வைத்துத் தைப்பர். ஃபின்லாந்தில் தோலுக்குள் மரத்தாலான உள்ளுறை ஒன்றையும் செருகுவர். கீழே விழுந்தாலும் அலகு தோலைக் கிழித்து உடலில் பாயாது.

குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நூலைச் செலுத்தித் தைப்பதே முறை. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது அவிழாது. முடிந்ததும் உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கத்தி நழுவினால் வேலை முடியவில்லை என்றே பொருள். தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளுமாதலால், கார்பன் உருக்குக் கத்தியை நெடுநாள் உறைக்குள்ளேயே வைத்துவிடலாகாது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

கத்தியைப் போற்றும் சுவீடன் நாடே, தக்க காரணமின்றிப் பொது இடங்களில் அதனை ஏந்தித் திரிவதை 1988ஆம் ஆண்டின் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் தடை செய்துள்ளது. இது முரண்பாடு அன்று. கருவிக்கு உரிய இடம் பட்டறையும் சமையலறையும் காடுமே, கடைவீதி அன்று. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் எங்கே கற்பர்? கத்தியைக் காணவே கூடாதென்று அஞ்சி ஒளித்து வைக்கும் வீட்டில் கற்க இயலாது. கட்டுப்பாடின்றிக் கையில் கொடுத்துவிடும் வீட்டிலும் இயலாது. பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுக்கும் வீட்டிலேதான் அது கைகூடும்.

அமர்ந்தே சீவ வேண்டும். உடலை விட்டு வெளிப்புறமாகவே அலகைச் செலுத்த வேண்டும். கை எட்டும் தொலைவுக்குள் வேறு எவரும் இருத்தலாகாது. பிறரிடம் கொடுக்கும்போது பிடி அவர் பக்கம் இருக்க வேண்டும். வேலை நின்றவுடன் கத்தி உறைக்குள் செல்ல வேண்டும். இவ்வைந்து விதிகளையும் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அவை பிள்ளையின் பழக்கமாவதற்குப் பல நாள் பொறுமை வேண்டும்.

நம் சமையலறையிலும் பிடி பிளந்த கத்தி ஒன்று கிடக்கக்கூடும். அதனைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது எளிது. ஒரு விடுமுறை நாளில் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து அதற்குப் புதுப் பிடி போட்டு, ஓர் உறையும் தைத்துப் பார்க்கட்டும். முதல் தையல் கோணலாகத்தான் வரும், வரட்டும். தான் உழைத்து உருவாக்கிய கருவியைப் பிள்ளை அலட்சியமாகக் கையாளமாட்டான். அதன் கூர்மை எவரைக் காயப்படுத்தும் என்பதையும், எவர்க்குப் பயன்படும் என்பதையும் உறை தைத்த அந்தக் கையே அவனுக்கு நினைவூட்டும்.