அடிக்கட்டையில் குடியிருக்கும் நோய்

1877இல் பேராக்கின் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் நிற்கிறது. பிரேசிலில் இவ்வினத்தை வதைக்கும் இலைக்கருகல் நோய் அவற்றோடு கடல் தாண்டி வரவில்லை. ஆனால் இங்கே மண்ணுக்குள் வேறொன்று இருந்தது. 1904இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அதைப் பற்றி எழுதினார். வெள்ளை வேர் நோய் என்பார்கள். அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்று பெயர்.

காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணிலேயே கிடந்தன. பூஞ்சைக்கு அதுதான் சோற்றுப்பானை. அங்கே தின்று பெருத்து, வெண்ணிற நூல்களாகத் திரண்டு, பக்கத்து மரத்தின் வேர் தட்டுப்பட்டதும் ஏறிக்கொள்ளும். மறுநடவில் பழைய ரப்பர் மரத்தின் கட்டையே அதற்குத் தீனி.

இலை மங்கி மஞ்சளிப்பதும், இளமரம் வயதுக்கு முன்பே பூப்பதும் தாமதமான செய்திகள்; அதற்குள் வேர் பெரும்பாலும் போயிருக்கும். அடிமரத்தில் மஞ்சள் விளிம்போடு ஆரஞ்சு நிறக் காளான் தட்டுகள் முளைத்துவிட்டால் மருந்து வீண். ஆகவே மரம் நன்றாக இருக்கும்போதே தூரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். இதற்கு ஓர் அழகான தந்திரம் உண்டு: தூரைச் சுற்றி வெட்டிய புல்லைக் குவித்து ஈரமாக வைத்தால், பூஞ்சை தானாகவே மேலேறி வந்து காட்டிக்கொடுக்கும்.

ஆரம்பத்திலேயே தெரிந்தால் அழுகிய வேரை வெட்டியெறிந்து, ஹெக்ஸகோனசோல் போன்ற மருந்தைக் கரைத்துத் தூரில் ஊற்றலாம். முற்றியதை வேரோடு பிடுங்க வேண்டும். நடும் குழியில் கந்தகத் தூள் இடுவதும் உண்டு. அது பூஞ்சையை நேரே கொல்வதைவிட, மண்ணைப் புளிக்கவைத்து, டிரைக்கோடெர்மா என்ற எதிரிப் பூஞ்சையைப் பெருக்குவதுதான் முக்கியம். நிரைகளுக்கிடையே படரவிடும் பியுராரியா போன்ற அவரையினக் கொடிகள் மண்ணை ஈரமாக வைத்துக் கட்டையைச் சீக்கிரம் மக்கச் செய்யும். எனக்கு இவ்வழியே பிடித்தது; தீனி தீர்ந்தால் நோய்க்கு இருப்பில்லை.

தோட்டங்கள் போய் வீடுகள் வந்த இடங்களிலும் கட்டைகள் மண்ணுக்குள் இருக்கலாம். பலாவுக்கும் மரவள்ளிக்கும்கூட இந்நோய் வரும். பழைய ரப்பர் நிலத்தில் கொல்லை போடுகிறவர்கள், கன்று வாங்குமுன் மண்ணைக் கிளறிக் கட்டையையும் பருத்த வேர்களையும் எடுத்துவிடுவது நல்லது.