ஓர் இலைக்கு 73 நிமிடம்

ஈப்போவில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் கடைப் பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடலாம். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து இரயிலேறி வருகிறவர்கள் அந்தப் பட்டியலைக் கையோடு கொண்டுவருகிறார்கள். பழைய நகரில் வரிசை பிடித்து நின்று சாப்பிடுகிறார்கள். "இங்கே எல்லாமே மலிவு" என்று சொல்லிவிட்டு மாலை வண்டிக்குத் திரும்புகிறார்கள். மலிவு என்றால் யாருக்கு மலிவு? இந்தக் கட்டுரை அதற்கான பற்றுவரவு. வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், விலை சொல்வேன். அளப்பது மட்டும் கூலியில்.

மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. வேலை நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. எட்டு மணி நேர வேலைக்கு 65 வெள்ளி 36 காசு. ஒரு நிமிடத்துக்கு 13.6 காசு. கீழே வரும் கடை விலைகள் நான் எடுத்துக்கொண்ட நடு விலைகள். கடைக்குக் கடை அரை வெள்ளி, ஒரு வெள்ளி ஏறும், இறங்கும்.

காலையில் பசியாற இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். ரொட்டி 1 வெள்ளி 50 காசு, தேநீர் 2 வெள்ளி என்றால் மொத்தம் 5 வெள்ளி: 37 நிமிட வேலை. வாழை இலைச் சாப்பாடு, சைவம், 10 வெள்ளி: 73 நிமிடம். மாதம் 4,000 வெள்ளி வாங்கும் கோலாலம்பூர் அலுவலருக்கு அதே இலை 31 நிமிடம்தான். அவர் மலிவு என்று சொல்வதில் தப்பில்லை.

இனி பால்மரக் கணக்கு, அதாவது ரப்பர். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் தோட்டம் போனாலும் சிறுதோட்டங்களில் இன்னும் பால் வெட்டு நடக்கிறது. கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) விலை கிலோவுக்கு 3 வெள்ளிக்குக் கீழே போனால் மிச்சத்தை ஊக்கத்தொகையாகத் தருவதாக அரசு சொல்கிறது. 2024 வரவு செலவுத் திட்டம்வரை அந்த வரம்பு 2 வெள்ளி 70 காசு. விலை ஏறிய மாதங்களும் உண்டு; நான் அந்த அடித்தள விலையையே எடுக்கிறேன். மரம் ஒருவருடையது, வெட்டுகிறவர் இன்னொருவர். பாதிக்குப் பாதி என்றால் வெட்டுகிறவருக்குக் கிலோவுக்கு 1 வெள்ளி 50 காசு. அதாவது ஒரு கிலோ கட்டிப்பாலுக்கு ஒரு ரொட்டி சானாய்.

ஒரு வெட்டுக்கு மரம் ஒன்றுக்கு 25 கிராம் உலர் ரப்பர் என்பது நியாயமான சராசரி. கட்டிப்பாலில் பாதி ஈரம், ஆகவே 50 கிராம். 500 மரம் வெட்டினால் 25 கிலோ, 75 வெள்ளி. அதில் பாதி 37 வெள்ளி 50 காசு. அந்தக் கையில் ஒரு வாழை இலைச் சாப்பாடு 133 மரத்துக்குச் சமம். மழை வந்த நாளில் மரமும் இல்லை, கூலியும் இல்லை. ஈப்போ மலிவான ஊர் என்ற பேச்சு இந்த 133 மரத்துக்கு முன்னால் நிற்காது.

ஈப்போ இருக்கும் பேரா மாநிலத்தில் இந்தக் கணக்கு தொடங்கியது 1877-இல். பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்ட வருடம் அது. நட்டவை 9 என்பார்கள். அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது, சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கிறார்கள். பிறகு கங்காணிகள் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். 1928-இல் எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளில் தென்னிந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இன்றைய நாள் கூலி அந்த 50 காசைப்போல 130 மடங்கு. 130 மடங்கு என்று சொன்னால் பெரிய ஏற்றமாகத் தெரியும். ஆனால் அன்று அந்த மனிதர் ஊருக்குப் போய்க் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அன்றாட வழக்கம் இல்லை. தோட்டத்து மளிகைக் கடையில் கடன் புத்தகம், லயத்தில் அடுப்பு, மாலையில் கள்ளுக்கடை, அவ்வளவுதான். பட்டணத்தில் சாப்பிடுவது சம்பள நாளுக்கு ஒதுக்கிய காரியம். பிற்காலத்தில் வந்தவர்களுக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அது: சினிமா, கடைத்தெரு, ஒரு தட்டு மீ கோரேங், குழந்தைக்கு ஐஸ் கச்சாங்.

1960-இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கவேண்டும் என்பது எண்ணம். 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். முதல் தோட்டமாகக் கெடாவில் புக்கிட் சீடிமை வாங்கினார்கள். அன்று ஒரு தொழிலாளியை நில உரிமையாளர் வரிசையில் நிறுத்தத் தொடங்கிய தவணைத் தொகை இன்று ஒரு வாழை இலைச் சாப்பாட்டோடு சரி. வெள்ளியின் மதிப்பு எங்கே போனது என்று பொருளாதாரம் படித்தவர்கள் விளக்கட்டும்.

தோட்டத்து ஆட்கள் ஈப்போவுக்குள் வந்து சேர்ந்ததற்கும் எண் உண்டு. ரப்பருக்குத் தோராயமாக 3 அல்லது 4 ஹெக்டேருக்கு ஓர் ஆள் வேண்டும். செம்பனைக்கு 10 ஹெக்டேருக்கு ஓர் ஆள் போதும். 1,000 ஹெக்டேர்த் தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறினால் 300 பேருக்கு இருந்த வேலை 100 பேருக்குச் சுருங்கும். நாடு முழுக்க இன்று செம்பனை 56 இலட்சம் ஹெக்டேர், ரப்பர் ஏறத்தாழ 11 இலட்சம். மிஞ்சியவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஈப்போவின் புந்தோங் வட்டாரம் ஒரு பதில். இந்திய வாக்காளர் விழுக்காடு நாட்டிலேயே மிக அதிகமான சட்டமன்றத் தொகுதி என்று பெயர் பெற்றது அது, கிட்டத்தட்ட பாதிப்பேர்.

என்னைக் கேட்டால் ஈப்போவில் சாப்பாட்டைப் புந்தோங்கிலிருந்து தொடங்கவேண்டும். அங்குள்ள கச்சாங் பூத்தே வியாபாரிகளின் வேர் எட்டயபுரம் பக்கம். தலையில் தட்டு, பிறகு சைக்கிள், பிறகு வேன் என்று மூன்று தலைமுறைக் கதை. கடலை, முறுக்கு, பகோடா, ஓமப்பொடி, மரவள்ளி வறுவல் என்று வரிசையாகக் கடை. கொண்டைக்கடலையும் பருப்பும் மலேசியாவில் விளைவதில்லை. எல்லாம் கப்பலில் வருபவை. உள்ளூர்ச் சரக்கு எண்ணெயும் மரவள்ளியும் கையும்தான். சாப்பாட்டுக்கும் அங்கே ஒட்டுக்கடைகள் உண்டு. ரசீது தராத கடைகள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கல்லாவுக்கு அந்தப்பக்கம் போவோம். 1 கிலோ கோதுமை மாவில் சுமாராக 16 ரொட்டி வரும். வீட்டுக்கான மானிய விலைப் பொட்டலம் கிலோ 1 வெள்ளி 35 காசு. ரொட்டிக்கு எட்டரைக் காசு. கடைக்காரர் வாங்குவது மூட்டை, அதற்கு அந்த விலை இல்லை. இரட்டிப்பாகவே வைத்துக்கொள்வோம்: 17 காசு. ஆள் செலவு? ரொட்டி போடுகிறவருக்கு நாளைக்கு 65 வெள்ளி 36 காசு. அவர் வெளிநாட்டவர் என்றால் ஆண்டு லெவி 1,850 வெள்ளி. வேலை நாள் 312 என்று வகுத்தால் நாளைக்கு 5 வெள்ளி 93 காசு. நாளைக்கு 200 ரொட்டி போகும் கடையில் ஒரு ரொட்டியின் கைச்செலவு 36 காசு. மாவைப்போல இரு மடங்கு. இன்னும் மார்ஜரின், எரிவாயு, வாடகை, பருப்புக் குழம்பு இருக்கின்றன. குழம்பை மூன்றாம் முறை ஊற்றச் சொல்லும் நம் வழக்கத்தையும் எந்தக் கணக்காளரும் இதுவரை பதிவு செய்ததில்லை.

வாழை இலையின் வரவு செலவு இதைவிடச் சுவையானது. இரண்டாம் தரம் போடுவதையும் சேர்த்து ஓர் இலைக்கு 200 கிராம் அரிசி வைப்போம். உள்நாட்டு வெள்ளை அரிசி கிலோ 2 வெள்ளி 60 காசு என்று கட்டுப்பாட்டு விலை; அந்த அரிசியில் செலவு 52 காசு. வாழை இலைக்கடைகள் தேடுவதோ இந்தியப் புழுங்கலும் பொன்னியும். மூன்று மடங்கு விலை போட்டாலும் 1 வெள்ளி 56 காசு. 10 வெள்ளி இலையில் சோறு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. மீதி காய்கறி, தேங்காய், எண்ணெய், ஆள், இடம்.

ஆனாலும் அந்த ஆறில் ஒரு பங்குதான் கடைக்காரர்களைத் தூங்கவிடவில்லை. 2023 ஜூலை 20-இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. ஆகஸ்டு 25-இல் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. செப்டம்பர் 1-இல் மலேசியாவில் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆக்கியது. ஒரே நாளில் 36 விழுக்காடு. டிசம்பர் 8-இல் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கும் தடை போட்டது. 2024 மே மாதம்தான் தளர்ந்தது. இதற்கிடையே 2023 நவம்பர் 1-இல் மலேசியாவின் கோழி மானியம் முடிந்து, கிலோ 9 வெள்ளி 40 காசு என்ற உச்ச விலையும் போனது. அரிசி, வெங்காயம், கோழி: ஒரு பிரியாணிச் சட்டியின் மூன்று முக்கியச் சரக்கும் ஆறு மாதத்துக்குள் அடி வாங்கின. 2024 அக்டோபருக்குள் டில்லி அரிசித் தடையையும் புழுங்கல் வரியையும் விலக்கிக்கொண்டது. ஏறிய இலை விலை எந்தக் கடையிலும் இறங்கியதாக எனக்குத் தெரியாது. சில இடங்களில் விலை ஏறாமல் பொரியல் மூன்றிலிருந்து இரண்டாயிற்று. அதுவும் விலையேற்றமே.

பேராவிலேயே நெல் விளைகிறதே என்று கேட்கலாம். கிரியான் பாசனத் திட்டம் 1906-லேயே வந்தது, நாட்டின் முதல் பெரிய பாசனத் திட்டம். தேங்காய்க்குப் பாகான் டத்தோ இருக்கிறது. அங்கேயும் தென்னந்தோப்புகளில் உழைத்தவர்களில் நம்மவர் ஏராளம். ஆனால் நாட்டுக்கு வேண்டிய அரிசி முழுவதும் உள்ளூரில் விளைவதில்லை. மிச்சத்துக்குக் கப்பலைத்தான் பார்க்கவேண்டும்.

ஊரின் புகழ்பெற்ற கடைகளை விட்டுவிட்டால் வாசகர் கோபிப்பார். வெள்ளைக் கோப்பிக்குச் சின் யூன் லூங், 1937-இலிருந்து. எதிரிலேயே நாம் ஹியோங், 1958. கோப்பிக்கொட்டையைச் சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரினில் மட்டும் வறுப்பது இதன் வகை. கோப்பை 3 வெள்ளியை ஒட்டி, 22 நிமிடம். இந்தக் கோப்பியின் வழியில் 1999-இல் பிறந்த ஓல்டு டவுன் நிறுவனத்தை 2018-இல் ஜேக்கப்ஸ் டவ் எக்பர்ட்ஸ் என்ற டச்சு நிறுவனம் ஏறத்தாழ 147 கோடி வெள்ளிக்கு வாங்கியது. கோப்பை 3 வெள்ளி என்றால் 49 கோடிக் கோப்பை. மலேசிய மக்கள் தொகையில் தலைக்கு 14 கோப்பைக்கு மேல். ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்த ஊர் கோப்பியில் பிழைத்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

நாசி கண்டாருக்கு யோங் சுவான் கோப்பிக் கடையில் 'நாசி கஞ்சா', 1957 முதல். சிவந்த கோழி, உப்பு முட்டை, குழம்புகள் கலந்த சோறு. 10 வெள்ளியைச் சுற்றி வரும். கூட்டம் வருமுன் போங்கள். முளைப்பயறுக் கோழிக்கு லோ வோங், அதுவும் 1957. தலைக்கு 15 முதல் 20 வெள்ளி ஆகும். 18 என்று வைத்தால் 132 நிமிடம். கோழி நன்றாக இருக்கும். ஈப்போவின் முளைப்பயறு, குட்டையாகக் கொழுத்து, அதைவிட நன்றாக இருக்கும். காசுக்கு ஏற்ற சரக்கு அதுதான் என்பது என் கட்சி.

காலையில் ரொட்டி, பதினோரு மணிக்குக் கோப்பி, மதியம் நாசி கண்டார், இரவு கோழி என்றால் 5, 3, 10, 18. மொத்தம் 36 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு 4 மணி 24 நிமிட உழைப்பு, அரை நாளைத் தாண்டிவிட்டது. பங்குக்குப் பால் வெட்டுகிறவருக்கு 24 கிலோ கட்டிப்பால். அன்றைய வெட்டில் மிச்சம் ஒரு கிலோ. ஒரு குடும்பம் நான்கு பேர் வாழை இலைக்குப் போனால் இலை மட்டும் 40. ஒரு தட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டல், இரண்டு மீன் துண்டு, தண்ணீர் வகை சேர்ந்தால் 65-ஐத் தொடும். ஒரு நாள் கூலி. தோட்டத்துக் குடும்பத்தின் சம்பள நாள் வழக்கம் இன்னும் மாறாததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அரசுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. 2023 ஜனவரி இறுதியில் அமைச்சர் சலாவுதீன் அயூப் 5 வெள்ளிக்கு மிகாத 'மெனு ரஹ்மா'வைத் தொடங்கினார். சோறு, ஒரு கறி, ஒரு காய். நிமிடக் கணக்கில் 37, நியாயமான எண்தான். ஆனால் சேரும் கடைகளுக்கு அரசு மானியம் இல்லை, விருப்பப்பட்டவர் சேரலாம். அதனால் எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்குத் தீரும் என்பது அந்தந்தக் கடையைப் பொறுத்தது.

இனி ரசீது. சாப்பாட்டுக்குச் சேவை வரி 6 விழுக்காடு. மற்றச் சேவைகள் பலவற்றுக்கு 2024 மார்ச்சில் 8 ஆனபோதும் இது 6-லேயே நின்றது. ஆண்டு விற்பனை 15 இலட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள்தான் இதை வசூலிக்கவேண்டும். நாளுக்கு வகுத்தால் 4,110 வெள்ளி. ஆளுக்கு 12 வெள்ளி வீதம் நாளைக்கு 340 பேருக்கு மேல் சாப்பிடும் கடை. ஆகவே ரசீதின் அடியில் அந்த 6 இருந்தால், பெரிய கடைக்குள் வந்திருக்கிறீர்கள். சமைத்தவர் உங்களைப் பார்க்கப் போவதில்லை. அந்த வரியே இல்லையென்றால், அல்லது ரசீதே இல்லாமல் ஒருவர் இலையை எட்டிப் பார்த்து விரலில் கூட்டிச் சொன்னால், 340-க்குக் கீழே நிற்கும் கடை அது. புந்தோங்கில் பெரும்பாலானவை அப்படி. காலையில் சீக்கிரமே போங்கள், பத்தரைக்கு மேல் தோசைமாவு இருக்காது.