வழுக்காத தளம், கழுவ எளிய தளம்: மீன்பிடி படகின் தரைக்கு எது பொருந்தும்?

மீன்பிடி படகின் மேல்தளம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகளை ஒரே பரப்பில் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. வலை இழுப்பவரின் கால் வழுக்காமல் தாங்குவது ஒரு கடமை. குருதி, செதில், குடல், வழும்பு ஆகிய எதுவும் ஒட்டித் தங்காமல் ஒரு வாளித் தண்ணீரில் கழுவப்படுவது மற்றொன்று. முதலாவதற்குச் சொரசொரப்பும் இரண்டாவதற்கு வழவழப்பும் தேவைப்படுவதால், தரைவிரிப்பையோ தரைப்பூச்சையோ தேர்ந்தெடுக்கும் படகுக்காரர் இவ்விரண்டுக்கும் இடையே ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உராய்வின் இயல்பையும் நுண்ணுயிர்களின் அளவையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முரண் பெரும்பாலும் தீர்க்கக்கூடியதே என்பது விளங்கும்.

தமிழகக் கரையோரத்தில் இக்கேள்வி அண்மைக் காலத்தில்தான் கூர்மை பெற்றது. கட்டுமரத்தில் தனியாகத் தளம் என ஒன்று இல்லை. மரங்களுக்கு இடையிலுள்ள சந்துகளின் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் பெருகிய கண்ணாடியிழைப் படகுகளிலும், மரத்தின்மேல் கண்ணாடியிழை போர்த்திய விசைப்படகுகளிலும் தண்ணீர் உறிஞ்சாத, சந்து இல்லாத, பளபளப்பான தளம் வந்து சேர்ந்தது. அத்தகைய தளம் கழுவுவதற்கு எளியது. ஈரத்தில் நிற்பதற்கு அபாயமானது.

அந்த அபாயத்தைக் குறைத்து மதிப்பிட இயலாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வின்படி, 2000 முதல் 2016 வரை அந்நாட்டின் மீன்பிடித் தொழிலாளர்களில் 204 பேர் படகிலிருந்து தவறிக் கடலில் விழுந்து உயிரிழந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விழுந்ததை எவரும் பார்க்கவில்லை. ஒருவர்கூட மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. இவை யாவும் வழுக்கலால் நேர்ந்தவை அல்ல என்றாலும், தளத்தில் கால் நிலைகொள்வது உயிர்காப்பின் முதற்படி என்பதில் ஐயமில்லை. மீன்பிடிக் கலங்களின் பாதுகாப்பு குறித்து 1977இல் உருவான டொரெமோலினோஸ் உடன்படிக்கையும், எல்லாத் தளங்களும் வழுக்கலைக் குறைக்கும் வகையில் அமைய வேண்டும் என்றும், குறிப்பாக வலையிழுக்கும் பொறியான வின்ச் அருகிலும், மீன் கையாளும் இடத்திலும், ஏணிகளின் அடியிலும் தலைப்பிலும் வழுக்காத பரப்பு இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

சாயும் தளத்தின் கணக்கு

ஒரு பரப்பின் பிடிமானத்தை அளவிட உதவுவது உராய்வுக் குணகம். அதாவது ஒரு பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசையை, அப்பொருள் தரையை அழுத்தும் விசையால் வகுத்துக் கிடைக்கும் எண். அசையாத தரையில் நடப்பவருக்கு 0.5 என்பது போதிய பாதுகாப்பான அளவாகப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. படகின் தளமோ அசையாத தரை அல்ல. சாய்ந்த தளத்தில் ஒருவர் அசையாமல் நிற்பதற்கே, சாய்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புக்குக் குறையாத உராய்வுக் குணகம் வேண்டும். படகு 15 பாகை சாயும்போது இம்மதிப்பு 0.27, 20 பாகையில் 0.36, 25 பாகையில் 0.47. அலையின் உலுக்கலும் வலையின் இழுப்பும் இதற்கு மேல் சேர்வதால், வீட்டுத் தரைக்குப் போதுமான ஓடும் பூச்சும் படகுக்குப் போதாமல் போகின்றன.

ஜெர்மானியர்கள் தரைகளை வகைப்படுத்தக் கையாளும் சோதனையும் இதே தத்துவத்தைத்தான் பின்பற்றுகிறது. எண்ணெய் தடவிய சாய்தளத்தின்மேல் காலணி அணிந்த ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, தளத்தின் சாய்வு படிப்படியாகக் கூட்டப்படுகிறது. கால் நழுவத் தொடங்கும் கோணத்தைக் கொண்டு ஆர் 9 முதல் ஆர் 13 வரை வகுப்பு வழங்கப்படுகிறது. 6 முதல் 10 பாகைக்குள் நழுவும் தரை ஆர் 9. 35 பாகையைத் தாண்டியும் தாக்குப்பிடிப்பது ஆர் 13. இத்துடன், கால் படும் மட்டத்திற்குக் கீழே நீரும் கழிவும் ஒதுங்குவதற்குத் தரையில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதும் தனியாக அளக்கப்படுகிறது. அவ்வகையில் வி 10 என்பது ஒரு சதுர டெசிமீட்டருக்கு, அதாவது 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்திற்கு, 10 கன சென்டிமீட்டர் வெற்றிடத்தைக் குறிக்கும்.

வழும்பு ஏன் வழுக்குகிறது

இந்த வெற்றிடத்தின் தேவையை, உராய்வையும் உயவையும் ஆராயும் உயவியல் விளக்குகிறது. ஈரமான தளத்தில் கால் பதியும்போது, பாதத்துக்கும் தளத்துக்கும் இடையே சிக்கிய நீர்ப்படலம் உடனே வெளியேறுவதில்லை. அது பிதுங்கி வெளியேறும் வரை கால் தளத்தைத் தொடாமல் நீரின்மேலேயே நிற்கிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் வெளியிட்ட உயவுக் கோட்பாட்டின்படி, படலம் வெளியேற ஆகும் நேரம் திரவத்தின் பாகுநிலைக்கு நேர்விகிதத்தில் கூடும். அழுத்தம் மாறாதிருக்கையில், தொடும் பரப்பின் அகலத்தின் இருமடிக்கேற்பவும் கூடும். தொடும் பரப்பு பாதி அகலமுள்ள சிறு துண்டுகளாகப் பிரிந்திருந்தால், நீர் வெளியேறும் நேரம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். வாகன டயரில் பள்ளங்கள் வெட்டப்படுவதும் இதற்காகவே. நடையில் குதிகால் பதிந்த முதல் பத்தில் ஒரு வினாடிக்குள்ளேயே பெரும்பாலான வழுக்கல்கள் தொடங்கிவிடுகின்றன என்பதால், இந்த நேரக் குறைப்பு அற்பமானதன்று.

மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழும்பு, மியூசின் எனப்படும் சர்க்கரை இணைந்த புரதங்கள் நீரில் ஊறி உண்டாகும் கூழ். அதன் பாகுநிலை வெறும் நீரைவிட அதிகம். இயந்திர அறையிலிருந்து கசியும் டீசலும் நீரைவிடப் பாகானதே; அதனுடன், பரப்பில் மெல்லியதாகப் படர்ந்து, வெறும் நீரில் கழுவினால் போகாமல் நிற்கும் இயல்பும் அதற்கு உண்டு. எனவே கடைக்காரர் ஒரு விரிப்பின்மேல் தண்ணீர் தெளித்துக் காட்டும் பிடிமானம், வழும்பும் டீசலும் கலந்த தளத்தில் அப்படியே நீடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கழுவும் நீருக்கு எட்டாத குழிகள்

விசைப்படகின் இழுவைமடி அவிழ்க்கப்பட்டதும் இறாலும் மீனும் தளத்திலேயே கொட்டப்பட்டு வகை பிரிக்கப்படுகின்றன. ஆகவே தளத்தின் தூய்மை பிடிபட்ட மீனின் தரத்தை நேரடியாகத் தீர்மானிக்கிறது. கெட்டுப்போகும் மீனின் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன், மீனின் தசையிலுள்ள ஒரு சேர்மத்தைப் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் உண்டாவது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் சிலவகைப் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹிஸ்டமின் சமைத்தாலும் அழிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 எண் கொண்ட விதி, மீன் படும் பரப்புகள் அரிப்பைத் தாங்குவனவாகவும், வழவழப்பாகவும், எளிதில் கழுவக்கூடியனவாகவும், அவற்றின் பூச்சு நீடித்து நிற்பதாகவும் நச்சற்றதாகவும் இருக்க வேண்டும் என்று கூறுவது இதனால்தான்.

பாக்டீரியாவின் நீளம் பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு நெருங்கிய கீறல்களிலும் துளைகளிலும் ஒதுங்கும் பாக்டீரியாக்கள் பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரந்து, உயிரிப்படலம் என்னும் அடுக்காகத் தங்கிவிடுகின்றன; தேய்ப்புத் தூரிகையின் இழையோ குளோரின் கரைசலோ அங்கு எளிதில் எட்டுவதில்லை. உணவுத் தொழிலில் எஃகுப் பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்ற அளவு பரவலாகப் பின்பற்றப்படுவது இக்காரணத்தால் ஆகும்.

முரண் தீரும் இடமும் இதுவே. காலுக்குப் பிடிமானம் தரும் மேடுபள்ளங்கள் மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும்; பாக்டீரியாவுக்குப் புகலிடம் தருபவை மைக்ரோமீட்டர் அளவிலான குழிகள். மேடுகள் மில்லிமீட்டர் அளவில் உயர்ந்தும், அவற்றின் பக்கங்கள் துளையின்றி வழவழப்பாகவும், பள்ளங்கள் மழுங்கிய வளைவுடன் ஒன்றோடொன்று தொடர்ந்து வடிகால் வரை திறந்தும் இருக்குமானால், ஒரே தளம் வழுக்காததாகவும் கழுவ எளியதாகவும் அமையும். கடையில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் இந்த அளவுகோலால் மதிப்பிடலாம்.

பொருள்களின் தகுதி

மணல் தூவிய எபாக்சிப் பூச்சு மலிவானது. புதிதாக இருக்கையில் பிடிமானமும் மிகுந்தது. ஆனால் உடைந்த மணலின் கூர்மையான முனைகளுக்கு இடையே செதிலும் குருதியும் சிக்கிக்கொள்வதோடு, வெறுங்காலில் வேலை செய்யும் நம் மீனவர்களின், நீரில் ஊறி மென்மையான பாதத்தை அவை கீறவும் செய்கின்றன. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா சிறு காயத்தின் வழியே புகுந்து கடும் தொற்றை உண்டாக்கக்கூடியது என்பதால் இது சிறு தொல்லையாகத் தள்ளத்தக்கதன்று. மணலுக்குப் பதிலாக உருண்டையான பாலிமர் மணிகளைக் கலந்து, அவற்றை முழுவதுமாக மூடும்படி பாலியூரித்தேன் மேற்பூச்சு இட்டால் கூர்மை நீங்கும், கழுவுதலும் எளிதாகும். வெயிலில் மாவு பூக்கும் எபாக்சியின் குறையும் மறையும்.

ஈ.வி.ஏ. என்னும் மூடிய குமிழ் நுரை விரிப்பு நீரை உறிஞ்சாது, காலுக்கு இதமானது, எடையும் குறைவு. தூண்டில் முள், கத்தி, இரும்புச் சங்கிலி ஆகியவற்றுக்கு அது ஈடுகொடுப்பதில்லை. டீசல் பட்டால் உப்பி ஒட்டு விடுகிறது. அடர்நிறமாக இருந்தால் நண்பகல் வெயிலில் வெறுங்காலை வைக்கவும் இயலாது. உல்லாசப் படகுக்கு ஏற்ற இப்பொருள், மீன்பிடி படகில் சுக்கான் பிடிப்பவர் நிற்கும் இடத்தோடு நின்றுகொள்வது நல்லது.

ரப்பர் பாய்களில் இயற்கை ரப்பரால் ஆனவை டீசலில் உப்பிச் சிதைபவை; நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். ஆனால் 10 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் பாய் சதுர மீட்டருக்குப் பதினொரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. பத்து சதுர மீட்டருக்கு விரித்தால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட சுமை படகின் மேற்பகுதியில் ஏறி அதன் நிலைத்தன்மையைப் பாதிக்கும். ஆகவே வின்ச் அருகே ஓரிரு துண்டுகள் போதும். அவையும் தினமும் தூக்கி அடிப்புறம் கழுவக்கூடியனவாக இருக்க வேண்டும்.

கம்பள விரிப்பும் செயற்கைப் புல்லும் மீன்பிடி படகுக்கு முற்றிலும் பொருந்தாதவை. அவற்றின் இழைகளுக்குள் புகுந்த குருதியை எந்தக் கழுவலும் முழுமையாக நீக்காது. தளத்தில் சாக்கை விரிப்பதும் ஆபத்தானதே, ஏனெனில் வழுக்கும் பரப்பு காலுக்கடியிலிருந்து சாக்குக்கடியில் இடம்பெயர்கிறதேயன்றி நீங்குவதில்லை. புடைப்புக் கோடுகள் கொண்ட அலுமினியத் தகடு உறுதியானது என்றாலும், கோடுகள் தேய்ந்தபின் வழும்பில் நன்றாகவே வழுக்கும். எஃகோ பித்தளையோ கொண்டு முடுக்கினால் உப்புநீரில் மின்வேதி அரிப்பும் தொடங்கும்.

எதைப் பொருத்தினாலும் பொருத்தும் முறையே ஆயுளைத் தீர்மானிக்கிறது. கண்ணாடியிழைத் தளத்தில் அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகு எஞ்சியிருந்தால் எந்தப் பூச்சும் சில மாதங்களில் உரியும். எனவே மெழுகைக் கரைப்பானால் துடைத்து, உப்பை நன்னீரால் கழுவி, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்த பின்னரே பூச வேண்டும். தளத்தைத் துளைத்துத் திருகாணி இறக்கினால், அத்துளை வழியே புகும் நீர் உள்ளிருக்கும் ஒட்டுப்பலகையை வெளியே தெரியாமல் அழுகச் செய்துவிடும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

பூச்சையோ பாயையோ வாங்கும் முன் ஒரு துண்டு மாதிரியைக் கேட்டுப் பெற்று, அதன்மேல் மீன் வழும்பும் சிறிது டீசலும் தடவ வேண்டும். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணிக்குள் கல் இட்டு மொத்த எடையை 5 கிலோவாக்கி, அதைச் சுருள்வில் தராசால் கிடைமட்டமாக இழுக்கையில் தராசு 2.5 கிலோ காட்டினால் உராய்வுக் குணகம் 0.5. அசையாமல் இருக்கும் காலணி அடியிலுள்ள நீரை மெல்ல வெளியேற்றிவிடுவதால் இவ்வெண் உண்மை நடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இரண்டு மாதிரிகளை ஒப்பிடுவதற்கு மட்டுமே இதைக் கொள்ளலாம். அடுத்து, அதே துண்டில் மீன் குருதியைத் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு, தூரிகையும் ஒரு வாளி நீரும் கொண்டு தேய்த்துப் பார்க்க வேண்டும். கறை தங்குமானால், பிடிமானம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் மீன் கொட்டும் இடத்துக்கு அது உதவாது.

கழுவும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். சுடுநீர் குருதியிலுள்ள புரதத்தை உறையச் செய்து ஒட்டவைப்பதால் முதற்கழுவல் குளிர்ந்த நீரிலேயே நடைபெற வேண்டும்; துறைமுகத்துக்குள் தேங்கிய நீரை அள்ளிக் கழுவுவது அழுக்கின்மேல் அழுக்கைச் சேர்ப்பதாகும். சோப்புக் கரைசலால் தேய்த்து அலசிய பின்னரே குளோரின் பயன்படும், ஏனெனில் குருதியும் வழும்பும் எஞ்சியிருந்தால் குளோரினின் வீரியம் அவற்றிலேயே செலவாகிவிடும். பத்து லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 3 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்தால், பத்து லட்சத்தில் 100 பங்கு குளோரின் கிடைக்கும்.

ஆக, படகு முழுவதற்கும் ஒரே விரிப்பைத் தேடுவதே அடிப்படைப் பிழை. நடமாடும் இடங்களிலும் வலை இழுக்கும் ஓரங்களிலும் உருண்டை மணி கலந்த வெளிர்நிறப் பாலியூரித்தேன் பூச்சு, வின்ச் அருகே தூக்கிக் கழுவத்தக்க நைட்ரைல் பாய், மீன் கொட்டிப் பிரிக்கும் இடத்தில் விளிம்பு கட்டிய வழவழப்பான பரப்பும் அதைச் சுற்றி நிற்பதற்குச் சொரசொரப்பான பட்டையும் என்று தளத்தைப் பகுத்துக்கொள்வதே கண்ணாடியிழைப் படகுக்கும் விசைப்படகுக்கும் பொருந்தும் தீர்வாகும். மேடுகள் தேய்ந்துவிட்டனவா என்பதை ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையேறி மராமத்துப் பார்க்கப்படும்போதே சோதித்து, தேய்ந்த இடத்தில் மறுபூச்சு இடுவதைப் படகு உரிமையாளர்கள் எந்திரப் பழுதுபார்ப்புக்கு நிகரான கட்டாயச் செலவாகக் கருத வேண்டும்.