ரூட்டர் வாங்க 3.6 லட்சம்: அண்ணன் கேட்ட கடனும் ஒரு கம்ப்ளெயின்ட் நோட்டும்

போன வாரம் பெர்சனல் லோன் வீடியோ போட்டப்போ, "சொந்தக்காரங்களுக்காக நம்ம பேர்ல லோன் எடுக்கலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு என் வீட்டிலேயே நடந்த கதை ஒண்ணு இருக்கு. கதையில வர்ற பொருள் உங்க வீட்டு ஹால்லயும் இருக்கு, டிவிக்குப் பின்னாடி பச்சை விளக்கு மினுக்கிட்டு இருக்கிற அந்த வைஃபை பெட்டிதான்.

என் பெரியப்பா பையன் உடுமலைப் பக்கம் கேபிள் டிவி நடத்திட்டு இருந்தவர். இப்போ அதே ஊர்ல பிராட்பேண்ட். மொத்தம் 420 கனெக்‌ஷன், லைன் வேலைக்கு ரெண்டு பசங்க. அதுல 300 வீட்ல இருக்கிற பெட்டி பழசு. எல்லாத்தையும் மாத்தணும், அதுவும் ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டே செட்டிங் மாத்துற மாதிரி நல்ல பெட்டியா போடணும்னு முடிவு பண்ணிட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. "தம்பி, உனக்குத்தான் சம்பளம் ஐடில வருதே. ஒரு லோன் போட்டுக் குடு. மாசாமாசம் நான் கட்டிப்போடறேன்."

ரெண்டு கோட் வாங்கி வெச்சிருந்தார். சாதா பெட்டி 1,250 ரூபாய். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ், தூரத்திலிருந்து எதுவும் செய்ய முடியாது. ரெண்டாவது 2,450 ரூபாய். டூயல் பேண்ட், கிகாபிட் போர்ட், டிஆர்-069 வசதி, 3 வருஷம் மாற்று வாரன்ட்டி. 300 பெட்டிக்கு 3,75,000 ஒரு பக்கம், 7,35,000 இன்னொரு பக்கம். வித்தியாசம் 3,60,000. சாதா பெட்டிக்கான பணம் அவர்கிட்ட இருக்கு. வித்தியாசத்தைத்தான் என்கிட்ட கேட்டார்.

உடனே சரின்னு சொல்ல வாய் வந்துருச்சு. எனக்கு காலேஜ் பீஸ் கட்டினவர் அவர். ஆனா 3.6 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னு போட்டா இ.எம்.ஐ. சுமார் 12,300. அவர் ஒரு மாசம் தவறினாலும் அடி வாங்கப்போறது என் சிபில். அதனால ஒண்ணு மட்டும் கேட்டேன்: "அண்ணா, கம்ப்ளெயின்ட் எழுதுற நோட்டு இருக்கில்ல, அதைக் கொண்டாங்க."

நோட்டு என்ன சொல்லுச்சு?

அந்த நோட்டை எண்ண ஒரு சனிக்கிழமை முழுசா போச்சு. 3 மாசத்துல பசங்க 318 தடவை வீட்டுக்கு ஓடியிருக்காங்க, அதாவது மாசம் 106. இதுல 147 தடவை கேபிள் அறுந்தது, கரன்ட் போனது, அடாப்டர் புகைஞ்சது. எந்தப் பெட்டி வாங்கினாலும் இதெல்லாம் வரும். மிச்சம் 171 தான் வைஃபை சமாச்சாரம். பாஸ்வேர்டு மறந்துட்டோம்னு 64. ஸ்லோவா இருக்குன்னு 72. குழந்தை ரீசெட் பட்டனை அமுக்கி எல்லா செட்டிங்கும் போனது 35.

இந்த 35 எனக்குப் புதுசு. சாதா பெட்டியை ரீசெட் பண்ணினா, உள்ள போட்டு வெச்ச யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிடும். பையன் நேர்ல போய் லேப்டாப்பைச் சொருகி மறுபடி அடிக்கணும். மேனேஜ்டு பெட்டி சரியா அமைஞ்சிருந்தா, ரீசெட் ஆனதும் தானே ஆபீஸ் சர்வரைத் தேடிப் போய் தன் செட்டிங்கைத் திரும்ப வாங்கிக்கும். டிஆர்-069ங்கிறது இந்தப் பேச்சுவார்த்தைக்கான பொது மொழி. 2004ல வந்த ஸ்டாண்டர்டு, பல கம்பெனி பெட்டிகளுக்கும் பொதுவானது.

சரி, ஒரு தடவை ஓடுறதுக்கு என்ன செலவு? ரெண்டு பசங்களுக்கும் சம்பளம், பெட்ரோல் சேர்த்து மாசம் 40,000. அதுல பாதி நேரம் கம்ப்ளெயின்ட்டுக்குப் போகுதுன்னு வெச்சா 20,000. 106ஆல வகுத்தா ஒரு விசிட் கிட்டத்தட்ட 190 ரூபாய். மாசம் 57 வைஃபை விசிட்ல 40ஐ ஆபீஸ்ல இருந்தே முடிக்கலாம்னு அண்ணன் சொன்னார். 40 பெருக்கல் 190, மாசம் 7,600 மிச்சம்.

இ.எம்.ஐ. 12,300. மிச்சம் 7,600.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. அந்த 7,600 கையில வர்ற பணமே கிடையாது. விசிட் குறைஞ்சா பசங்க சம்பளம் குறையுமா? நிஜமா மிச்சமாகிறது பெட்ரோல் மட்டும், விசிட்டுக்கு 38 ரூபாய் போல. மீதி எல்லாம் நேரம். அந்த நேரத்துல பசங்க புது கனெக்‌ஷன் போட்டாத்தான் அது பணமாகும். நம்ம ஆளுங்க "இந்த ஆப் வாங்கினா டெய்லி ஒரு மணி நேரம் மிச்சம்"னு சப்ஸ்கிரிப்ஷன் எடுக்கிறதும் இதே கணக்குதான். அந்த ஒரு மணி நேரம் எங்க போகுதுன்னு யாரும் பார்க்கிறதில்ல. அண்ணன் விஷயத்துல நல்லவேளை, ஊருக்கு வெளியே ஒரு புது லேஅவுட்ல 30 வீடு லைனுக்காகக் காத்துட்டு இருந்துச்சு.

அடுத்து, கோட்டோட மூணாவது பக்கம். பெட்டியை மேனேஜ் பண்ற கிளவுடுக்கு, பெட்டிக்கு மாசம் 20 ரூபாய்னு பொடி எழுத்துல போட்டிருந்தாங்க. 300 பெட்டிக்கு மாசம் 6,000, வருஷம் 72,000. பணம் கட்டறதை நிறுத்தினா பெட்டி சாதா பெட்டியாயிடும். "இருபது ரூவா தானே தம்பி"ன்னார் அண்ணன். ஒரு பெட்டிக்கு 3 வருஷத்துல 720 ரூபாய்! பெட்டியோட நிஜ விலை அப்போ 3,170.

இதுக்கு மாற்று இருக்கு. ஜீனிஏசிஎஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், லைசென்ஸ் காசு கிடையாது, டிஆர்-069 பேசுற பெட்டிகளை மேனேஜ் பண்ணும். அதை நிறுவி, பார்த்துக்க ஆள் வேணும். நான் ரெண்டு வாரக் கடைசியை அதுல போட்டேன். இலவச சாஃப்ட்வேர்னாலும் என் தூக்கம் அதுக்கு விலை. அந்த வேலைக்கு ஆள் இல்லாத ஆபரேட்டருக்கு அந்த 20 ரூபாய் நியாயமான காசுதான், அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். என் நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: எந்தக் கம்பெனியா இருந்தாலும் பெட்டி பொது ஸ்டாண்டர்டு பேசணும். அப்பத்தான் நாளைக்கு அந்த கிளவுடை விட்டாலும் பெட்டி நம்ம கையில இருக்கும்.

இந்த வசதிக்கு ஒரு ஆபத்தும் உண்டு. ஆபீஸ்ல இருந்து கதவைத் திறக்க முடியும்னா திருடனும் அதே கதவைத் தட்டுவான். 2016 நவம்பர்ல ஜெர்மனியில டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரோட ரூட்டர்கள் தடுமாறினது இப்படித்தான். ரிமோட் மேனேஜ்மென்ட்டுக்கான 7547ங்கிற போர்ட் இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தது, மிராய் வகை வைரஸ் அந்த வழியா தாக்குச்சு. அதனால மேனேஜ்மென்ட் டிராஃபிக்கைத் தனி விலேன்ல போட்டு, வெளியிலிருந்து யாரும் தொட முடியாம அடைச்சு வெச்சோம். ஃபர்ம்வேர் அப்டேட் எத்தனை வருஷம் வரும்னு எழுத்துல கேட்டோம். பதில் தராத ரெண்டு வியாபாரிகளை அண்ணனே தள்ளிட்டார்.

300 எதுக்கு?

நோட்டை இன்னொரு தடவை வீட்டுவாரியா பிரிச்சப்போதான் விஷயம் பிடிபட்டுச்சு. 171 வைஃபை விசிட்ல 110 விசிட் வெறும் 114 வீட்ல இருந்து வந்திருக்கு. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டவங்க, மாடி வீடு, வொர்க் ஃப்ரம் ஹோம் ஆட்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிற பெட்டியில 200 பிளான் வித்திருக்கார் மனுஷன்! கேபிள் போட்டு டெஸ்ட் பண்ணினாலும் நூறைத் தாண்டாது, அப்புறம் சண்டை வராம என்ன செய்யும்? மிச்ச 186 வீடு 40, 50 எம்பிபிஎஸ் பிளான். யூடியூப், சீரியல், அவ்வளவுதான். அவங்களுக்கு இருக்கிற பெட்டியே போதும், செத்தா மாத்திக்கலாம்.

ஆக 114 வீடு, ஸ்பேர் 6, மொத்தம் 120 பெட்டி. 2,94,000 ரூபாய். அதுலயும் முதல்ல 10 மட்டும் வாங்கினோம். கெட்டிச் சுவர் இருக்கிற ரெண்டு பழைய வீடு, ஒரு மாடி வீடுன்னு போட்டுப் பார்த்தோம். குண்டூசியால ரீசெட் பண்ணி, தானா திரும்பி வருதான்னு பார்த்தோம். ஒரு மாடல் வரவே இல்ல, பிரவுஷர்ல டிஆர்-069னு கொட்டை எழுத்துல போட்டிருந்தும். அதைத் திருப்பி அனுப்பிட்டு அடுத்த மாடலுக்குப் போனோம்.

பணத்துக்கு வருவோம். அண்ணன் தன் ஆர்.டி.யை உடைச்சு 1,44,000 போட்டார். மிச்சம் 1,50,000. இங்கதான் நான் என் பேர்ல லோன் எடுக்க மாட்டேன்னு சொன்னேன். சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தூங்கல. முத்ரா திட்டத்துல கிஷோர் பிரிவு 50,000க்கு மேல 5 லட்சம் வரைக்கும், சொத்து அடமானம் இல்லாம. அவருக்கு கரன்ட் அக்கவுன்ட் இருக்கு, ஜிஎஸ்டி தாக்கல் இருக்கு, இப்போ நோட்டுக் கணக்கும் இருக்கு. பேங்க்குக்கு நானும் கூடப் போனேன், 3 தடவை அலைஞ்சோம். லோன் அவர் பேர்லயே வந்துச்சு. அதே 14%, 3 வருஷம்னு வெச்சாலும் இ.எம்.ஐ. சுமார் 5,130தான். 114 வீட்டு விசிட் மாசம் 37, அதுல 26 குறைஞ்சா 4,940. இன்னும் 190 ரூபாய் இடிக்குது. புது லேஅவுட்ல ஒரு வீடு சேர்ந்தாலே அது ஈடாகும். லைன் வாடகை எல்லாம் போக ஒரு கனெக்‌ஷன்ல அவருக்கு மாசம் 200 போல நிக்குது.

இன்னொரு சண்டையும் நடந்துச்சு. "ஆளுக்கு ஆயிரம் டெபாசிட் வாங்கினா 1,14,000 வந்துருமே, லோன் எதுக்கு?"ன்னார். திருப்பித் தர வேண்டிய பணம் வருமானமில்ல, அது வாடிக்கையாளர்கிட்ட வாங்குற வட்டியில்லாக் கடன்னு சொன்னேன். 500 ரூபாய் டெபாசிட், ரசீதோட, தனி அக்கவுன்ட்லன்னு முடிவாச்சு.

உங்க வீட்டுப் பெட்டி

இப்போ நீங்க மேசையோட இந்தப் பக்கம். "ரூட்டர் ஃப்ரீ சார்"னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க: எத்தனை மாசம் அட்வான்ஸ், நடுவுல வீடு மாறினா எவ்வளவு திரும்பும், பெட்டி யாருடையது. 499 பிளான்னா ஜிஎஸ்டி 18% சேர்த்து 588.82. ஒரு வருஷ அட்வான்ஸ்னா 7,000ஐத் தாண்டுது. வாடகை வீட்ல, டிரான்ஸ்ஃபர் வேலையில இருக்கிறவங்க இதை ஒருமுறைக்கு ரெண்டுமுறை யோசிங்க. டெபாசிட்னா ரசீதை போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க.

100க்கு மேல பிளான் எடுக்கிறீங்கன்னா பெட்டியோட லேன் போர்ட் கிகாபிட்டான்னு பாருங்க, 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கான்னும் பாருங்க. இல்லேன்னா பிளானைக் குறைச்சிக்கிறதுதான் லாபம். சொந்தமா நல்ல ரூட்டர் வாங்கலாமான்னா, வாங்கலாம். ஃபைபர் வர்ற பெட்டியை அனேகமா மாத்த முடியாது, அது அவங்க சிஸ்டத்துல பதிஞ்சது. அதோட லேன் போர்ட்ல உங்க ரூட்டரைச் சொருகிக்கலாம். ஆனா அப்புறம் வைஃபை ஸ்லோன்னா "எங்க பெட்டி வரைக்கும் சரியா இருக்கு சார்"னுதான் பதில் வரும், அதுல தப்பில்ல. மேனேஜ்டு பெட்டின்னா, எத்தனை சாதனம் இணைஞ்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், வைஃபை பாஸ்வேர்டையும் மாத்த முடியும். உங்க பேங்க் ஆப்ல நீங்க அடிக்கிறது தெரியாது, அது என்கிரிப்ட் ஆகித்தான் போகுது.

பெட்டி போட்டு 2 மாசம் ஆச்சு. முதல் மாசம் விசிட் குறையவே இல்ல, பெட்டி மாத்தப் போன இடத்திலெல்லாம் "அப்படியே இதையும் பாருப்பா"ன்னு பசங்களைப் பிடிச்சு வெச்சுட்டாங்க. ரெண்டாவது மாசம் அந்த 114 வீட்டுக்கு 37க்குப் பதிலா 14 விசிட். அண்ணன் இன்னும் என்கிட்ட கொஞ்சம் விறைப்பாத்தான் பேசுறார். நோட்டோட புதுப் பக்கத்தை மட்டும் மாசம் தவறாம போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடறார்.