சோறு தண்ணீர் இல்லாமல் உறைந்தவர்கள்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் யாரும் நல்ல நேரம் பார்ப்பதில்லை. 108 வருகிறது, தீக்காயம் பட்டவரை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். எத்தனையோ உயிர்களைப் பறிகொடுத்துக் கற்ற அவசரம் அது. அதே தெருவில் ஒருவர் பேச்சை நிறுத்தி, ஊட்டிய சோற்றை விழுங்காமல், உட்கார வைத்த இடத்திலேயே உறைந்துபோனால் அந்த அவசரம் காணாமல் போய்விடுகிறது. "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். இதுவும் உயிர் போகிற விஷயம்தான்.

இந்த நிலைக்குக் கேட்டடோனியா என்று பெயர். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் கால்பாம் இதை விரிவாக எழுதினார். நோயாளியின் கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கும். தலையணையை உருவினாலும் சிலருக்குத் தலை கீழே சாயாது, அந்தரத்திலேயே இருக்கும். பார்ப்பவர்கள் வீம்பு என்றோ நடிப்பு என்றோ நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கோ பெரும்பாலும் எல்லாம் காதில் விழுகிறது. குணமான பலர், அந்த நாட்களில் தங்களைப் பிடித்து ஆட்டிய பயங்கர அச்சத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் காதுபடத் திட்டுவது கொடுமை.

மனச்சிதைவில் மட்டும் இது வரும் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் கடும் மனச்சோர்விலும், மூளைக்காய்ச்சலிலும்கூட வரலாம். அதனால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும். அசையாமல் கிடப்பதால் நீர் வற்றும், படுக்கைப்புண் வரும், நிமோனியா தாக்கும், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலை அடைக்கும். சாவு பெரும்பாலும் இந்த வழிகளில் வருகிறது.

முதல் சிகிச்சை லோராசெபாம் ஊசி. ஒன்றிரண்டு மில்லிகிராம் ரத்தநாளத்தில் ஏற்றிய சில நிமிடங்களில், வாயே திறக்காதவர் தண்ணீர் கேட்பதுண்டு. பலர் இந்த மருந்திலேயே தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்கும் உயிர் ஊசலாடுபவர்களுக்கும் மின்வலிப்பு சிகிச்சை. 'ஷாக் ட்ரீட்மெண்ட்' என்றதும் சினிமாவில் கட்டிப்போட்டுத் துடிக்க வைக்கும் காட்சிதான் நம் நினைவுக்கு வரும். அந்தக் காட்சி பல குடும்பங்களை மருத்துவமனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

நடப்பது வேறு. மயக்க ஊசி போட்டு நோயாளி தூங்கிய பிறகுதான் எல்லாமே. தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறுவதற்கு முன் ஒரு காலில் மட்டும் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்குவதுண்டு. அந்தப் பாதத்துக்கு மருந்து போகாது. சில நொடி மின்சாரம். உடல் அசையாமல் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். மூளையில் வலிப்பு வந்ததற்கு அதுவே சாட்சி. வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு தடவை வரை. கேட்டடோனியாவில் பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள். சிகிச்சை நாட்களையொட்டி மறதி வரும், பெரும்பாலும் சரியாகும். சில நினைவுகள் திரும்பாமலும் போகலாம். இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், குடும்பமும் கேட்க வேண்டும். மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் இதைச் செய்வதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

பட்டாசுப் பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. தசையைத் தளர்த்த வழக்கமாகப் போடும் சக்சினைல்கோலின், பெரிய தீக்காயம் பட்டவருக்குப் பல மாதங்கள் வரை ஆபத்தானது. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நெடுநாள் அசையாமல் கிடந்தவருக்கும் அதே ஆபத்து. மாற்று மருந்து இருக்கிறது. நோயாளிக்கு எப்போது தீக்காயம் பட்டது, எத்தனை நாளாகப் படுத்த படுக்கை என்பதை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் பதில் மந்திரிக்கக் கூட்டிப்போனதன் கோர முடிவையும் பார்த்திருக்கிறோம்: 2001 ஆகஸ்ட் 6 அன்று, பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். இன்று சிவகாசியின் மாவட்டத் தலைநகரான விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் எந்நேரமும் இயங்குகிறது. வீட்டில் ஒருவர் பேச்சும் சாப்பாடும் நின்று உறைந்துவிட்டால் போனுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.