நெய்யும் பாலும் இல்லாத மார்கழி அடுப்பு

புதுக்கோட்டைச் சீமையில் குளிர் என்பது பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படியானதன்று. மலைநாட்டாரும் வடநாட்டாரும் நம் மார்கழிப் பனியைக் கண்டால் நகைப்பர். ஆயினும், ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் வெந்து பழகிய உடலுக்கு ஐப்பசி, கார்த்திகையின் ஈரவாடையும், மார்கழி, தையின் விடியற்பனியும் போதும். அந்நாள்களில் வயிறு சூடான, கனமான உணவை நாடுகிறது. நம் கையும் தானாகவே நெய்ச்சாடியை நோக்கிச் செல்கிறது. வெண்பொங்கலுக்கு நெய், பாயசத்துக்குப் பால், காப்பிக்குப் பால், எல்லாம் உண்டு முடித்த பின் ஒரு கை தயிர்ச்சோறு. இவையில்லாமல் குளிர்கால உணவு உண்டோ என்று கேட்பவரே மிகுதி.

ஆனால், இவை எவையும் வேண்டா என்று சொல்லும் ஒருவர் இன்று பல வீடுகளில் இருக்கிறார். பால் அருந்தினால் வயிறு பொருமுகிறது என்பதனால் மருத்துவர் நிறுத்தச் சொன்ன முதியவராக இருக்கலாம். பாலிலுள்ள புரதம் ஒவ்வாத சிறு பிள்ளையாக இருக்கலாம். பட்டணத்துக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திறங்கி, உயிரினங்களிடமிருந்து பெறும் எதையும் இனி உண்பதில்லை என்று அறிவிக்கும் மகளாகவும் இருக்கலாம். இக்கொள்கையினருக்கு 'வீகன்' என்னும் பெயர் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர்தம் நண்பர்களும் ஒரு சங்கம் கூட்டியபோது இடப்பட்டது. தமிழில் 'நனிசைவம்' என்று அழகாகச் சொல்கின்றனர். காரணம் எதுவாயினும் தாயின் கவலை ஒன்றே: "தயிர்கூட வேண்டாமென்றால் இந்தப் பிள்ளை எதைத்தான் சாப்பிடும்?" கிறிஸ்து பிறப்பு விழாவன்று எல்லாரும் வயிறார உண்ண, ஒருவர் இலையில் மட்டும் வெறுஞ்சோறும் ஊறுகாயும் இருப்பதை எந்தத் தாயின் மனமும் ஒப்பாது.

பழைய வழக்கமே

இஃது ஏதோ மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ண வேண்டா. ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் சொற்களை நம் பாட்டிமார் நன்கறிவர். இன்று சுத்தபோசனம் என்றால் இறைச்சியை மட்டுமே விலக்குகிறோம். இடைக்கால ஐரோப்பாவிலோ, நோன்பு நாள்களில் பால், வெண்ணெய், முட்டை ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. செல்வர் வீட்டுச் சமையற்காரர்கள் பாலுக்குப் பதிலாக வாதுமைப் பருப்பை அரைத்துப் பாலெடுத்தனர். செருமனியின் திரெஸ்தன் நகரில் கிறிஸ்து பிறப்புக்கென்று செய்யும் 'ஸ்டோலன்' என்னும் ரொட்டி, திருவருகைக்கால நோன்பை முன்னிட்டு வெறும் மாவும் எண்ணெயும் கொண்டே செய்யப்பட்டது. அதன் சுவையைப் பொறுக்கமாட்டாத சாக்சனி நாட்டு இளவரசர்கள் உரோமைக்கு விண்ணப்பிக்க, 1491ஆம் ஆண்டு பாப்பரசர் எட்டாம் இன்னொசெந்து வெண்ணெய் சேர்த்துக்கொள்ள இசைவு தந்து மடல் அனுப்பினார். இன்றோ வெண்ணெய் இல்லாத ஸ்டோலனை அவ்வூரார் ஸ்டோலன் என்றே ஏற்பதில்லை!

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பானவை உண்டு. கேரளத்துச் சீரோ மலபார் குடும்பங்கள் பல, திசம்பர் முதல் நாளிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை 'இருபத்தைந்து நோன்பு' காக்கின்றன. மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்த தத்துவ போதகரும் புனித அருளானந்தரும் புலால் நீக்கிச் சோறும் காய்கறியும் உண்டு துறவியராக வாழ்ந்தனர். அத்தளத்தின் பேர்போன பங்குகளுள் ஒன்றான ஆவூர், வீரமாமுனிவர் பணிபுரிந்த ஆவூர், நம் மாவட்டத்தில்தான் உள்ளது. (பாலையும் நெய்யையும் அவர்கள் விலக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளில் தவமிருந்த சமணத் துறவியரும் ஊன் உண்ணாதவரே.

புன்செய் தரும் தானியம்

1974ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தனி மாவட்டமான புதுக்கோட்டை, காவிரி பாயும் தஞ்சையைப் போன்றதன்று. கண்மாயும் மழையுமே இதன் பெரும்பகுதிக்குத் துணை. மழை குறைந்த ஆண்டிலும் கைவிடாத வரகும் கேழ்வரகும் கம்பும் கொள்ளுமே இம்மண்ணின் ஏழை வீடுகளைக் காத்தன. நெற்சோறு திருநாளுக்கு உரியதாக இருந்த காலம் அது. பின்னர் நியாயவிலை அரிசி வந்தது. பசி தீர்ந்தது, அது நன்மையே. ஆனால், வரகும் கேழ்வரகும் 'பஞ்சத்துச் சோறு' என்று பெயர்பெற்று அடுக்களையை விட்டு வெளியேறின. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் அவையே கண்ணாடித் தாளில் பொதிந்து கடைகளில் இரட்டை விலைக்கு வந்து நிற்பது காலத்தின் வேடிக்கை.

வரகைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அறுவடையின்போது மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு தலைச்சுற்றலையும் மயக்கத்தையும் தரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் மாண்டதற்குப் பூஞ்சை நஞ்சேறிய வரகுப் பயிரை மேய்ந்ததே காரணம் என்று கண்டறிந்தனர். ஆகவே, நன்கு காய்ந்த, முடைநாற்றமில்லாத வரகரிசியையே வாங்குக. அடைமழையில் தப்பிப் பிழைத்ததை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள்.

வரகுப் பொங்கல்

வெண்பொங்கலுக்கு நெய்தான் உயிர் என்பர். நெய்யின் வேலை இரண்டு: மணம் தருவது, நாவில் வழுவழுப்பாக நிற்பது. முதலாவதை மிளகும் சீரகமும் நல்லெண்ணெயில் பொரிந்து தந்துவிடும். இரண்டாவதைத் தேங்காய்ப்பால் தரும்.

வரகரிசி ஓர் ஆழாக்கு, பாசிப்பருப்பு அரை ஆழாக்கு. பருப்பை மணம் எழும்வரை வறுத்துக்கொள்க. வரகரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைக்க. ஐந்து ஆழாக்கு நீரில் பருப்பை முதலில் இட்டு, அது பாதி வெந்ததும் வரகரிசியைச் சேர்த்து, உப்பிட்டு, குழையும்வரை சிறுதீயில் வேகவிடுக. இறக்கிய பின்னரே அரைத் தம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளற வேண்டும். அடுப்பில் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுக. முந்திரிக்குப் பதில் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையைச் சேர்த்துப் பாருங்கள். ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் கடலை இருக்கும்போது முந்திரிக்குப் பணம் செலவிடுவானேன்?

ஒன்றை மறக்க வேண்டா. நெய்யை நீக்கியதனால் கொழுப்பும் நீங்கிவிட்டதென்று எண்ணி எண்ணெயை அள்ளி ஊற்றக் கூடாது. ஒரு கிராம் எண்ணெயும் ஒரு கிராம் கொழுப்பே. ஒன்பது கலோரியே தரும்.

களியும் கொள்ளும் மொச்சையும்

குளிருக்குக் களியைப்போல் வயிற்றைத் தாங்குவது வேறில்லை. கால் ஆழாக்கு அரிசி நொய்யை மூன்று ஆழாக்கு நீரில் குழைய வேகவைத்து, அதன் நடுவே ஓர் ஆழாக்குக் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டுக. உடனே கிளறக் கூடாது. மூடி, ஐந்து நிமிடம் சிறுதீயில் விட்டு, பின் களிக்கட்டையால் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதமே பதம். பாலை நிறுத்தியவர்களுக்குக் கேழ்வரகு சிறப்பாக ஏற்றது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் சுமார் 120தான். தானியத்திலுள்ள சத்தை உடல் முழுவதும் ஏற்பதில்லை என்பதும் உண்மை. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்தால் ஏற்பது கூடும்.

களிக்குத் துணை கொள்ளு. முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் நிறைய நீர்விட்டு வேகவைத்து வடித்தால் ஒரே சட்டியில் இரண்டு பண்டம். வடித்த நீரில் புளியும் மிளகு, சீரகம், பூண்டு தட்டியதும் சேர்த்து ரசம். வெந்த கொள்ளை வற்றல் மிளகாய், சிறிது தேங்காய், பூண்டுடன் அம்மியில் கரகரப்பாக அரைத்தால் துவையல். சளி பிடித்த வீட்டில் இந்த ரசத்தைச் சோற்றில் ஊற்றுவதற்கு முன்பே தம்ளரில் குடித்துத் தீர்த்துவிடுவர்.

தை பிறக்கும்போது பச்சை மொச்சை சந்தைக்கு வந்துவிடும். மொச்சையும் கத்தரிக்காயும் சேர்ந்தால் கருவாடும் உடன்வர வேண்டும் என்பது நம் நாக்கின் தீர்ப்பு. கருவாடு இல்லாத மொச்சைக் குழம்பு சப்பென்றிருக்கும் என்று குறைகூறுவோர், சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் கருகாமல் வறுத்துக் குழம்பிலிட்டுப் பார்க்கட்டும். அந்தக் கசப்பும் உவர்ப்பும் கருவாட்டின் இடத்தைப் பெருமளவு நிரப்பும். புளிக்கரைசலில் கத்தரிக்காயும் மொச்சையும் வெந்த பின், தேங்காயும் சோம்பும் வறுத்த கடலை ஒரு பிடியும் அரைத்து ஊற்றினால் குழம்பு கொழகொழப்பாக நிற்கும்.

இனிப்புக்கு உளுந்தங்களி. ஆலங்குடிக்கு அருகே வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அமைந்திருப்பதும், அங்கு உருவான உளுந்து வகைகள் 'வம்பன்' என்னும் பெயருடனேயே வழங்குவதும் நமக்குப் பெருமை. தோலுடன் கூடிய கறுப்பு உளுந்து நான்கு பங்கும் பச்சரிசி ஒரு பங்கும் வறுத்து மாவாக்கிக்கொள்க. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிய நீரில் மாவைக் கட்டியின்றிக் கரைத்து, அடுப்பேற்றி, நல்லெண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய் பிரிந்து களி உருண்டு திரளும். நெய் இங்கே எக்காலத்திலும் தேவைப்பட்டதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் நெல்லிக்காயளவோடு நிறுத்திக்கொள்க. கருப்பட்டியாயினும் இனிப்பு இனிப்பே.

தேங்காயின் அருமை

பாலுக்கு மாற்று என்று எதைச் சொன்னாலும் தேங்காயில் வந்து நிற்கிறோம். அதன் அருமையை இம்மாவட்டத்தார் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியலில் உணர்ந்தனர். அன்று கஜா புயல் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துத் தென்னைகளையும் பலாமரங்களையும் வேரோடு சாய்த்துவிட்டுச் சென்றது. சிற்றூர்களில் பல நாள்கள் மின்சாரம் இல்லை. மிக்சி ஊமையாயிற்று, மூலையில் கிடந்த அம்மியும் உரலும் மீண்டும் பேசின. ஒருங்கே பொங்கிய கஞ்சியும் கடலைத் துவையலுமாகப் பல குடும்பங்கள் அந்த ஈரநாள்களைக் கடந்தன. தேங்காய் கிட்டாத நாளில் நிலக்கடலையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, அரைத்துப் பிழிந்த பால் நல்ல மாற்று. அதைப் பச்சையாகப் பயன்படுத்தாமல் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் பச்சை வாடை நீங்கும். கடலை ஒவ்வாதவர் வீட்டில் மட்டும் இது கூடாது.

கவனிக்க வேண்டிய குறை

இத்தனை நிறைவான உணவிலும் ஒன்று இல்லை. பி12 என்னும் உயிர்ச்சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே கிடைக்கிறது. வரகிலும் கீரையிலும் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோகிராம் அளவே வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதனால் குறை உடனே தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்துக் களைப்பு, கைகால் மதமதப்பு, மறதி என்று தலைகாட்டும். நெடுநாள் கவனியாது விட்டால் நரம்புக்கு நேரும் கேடு மீளாததாகவும் ஆகலாம். நான்கு வார நோன்புக்கு இதைப்பற்றி அஞ்ச வேண்டா. ஆனால் நிரந்தரமாகப் பாலையும் முட்டையையும் விட்டவர்கள் மருத்துவர் சொற்படி பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கருவுற்றவர், பாலூட்டும் தாயர், வளரும் பிள்ளைகள் இவர்களுக்கு இதில் விளையாட்டுக் கூடாது. 'முன்னோர் மாத்திரையா விழுங்கினார்கள்?' என்று கேட்பவர்களுக்கு விடை எளிது: முன்னோர் மோர் குடித்தார்கள்.

இரும்புச் சத்துக்குக் கீரையும் கொள்ளும் உண்டு. உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் அதை உடல் நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீர் குடித்தால் தடைப்படும். பால் ஒவ்வாத குழந்தையுள்ள வீட்டில், கடையில் வாங்கும் ரொட்டி, பிஸ்கோத்து, கேக்கு ஆகியவற்றின் உறையைப் படித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பால்பொடி பலவற்றில் ஒளிந்திருக்கும்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து பனியில் நனைந்து திரும்பும் குடும்பத்துக்கு, பால் வேண்டாத சுக்குக் காப்பியே தக்க வரவேற்பு. சுக்கு, கொத்துமல்லி, நான்கைந்து மிளகு, ஓர் ஏலக்காய் ஆகியவற்றைத் தட்டிக் கருப்பட்டி நீரில் கொதிக்கவைத்தால் போதும். துணைக்கு, முட்டைக்குப் பதில் தேங்காய்ப்பாலில் மாவு கரைத்துச் சுட்ட அச்சுமுறுக்கு.

இரவில் மிஞ்சிய களியை உருண்டையாக்கி நீரில் போட்டு வையுங்கள். காலையில் மோருக்குப் பதில் நீர்த்த தேங்காய்ப்பாலும் ஒரு துளி எலுமிச்சைச் சாறும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, உப்பிட்டுக் கொடுங்கள். எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் தேங்காய்ப்பால் புளித்துவிடும்.