தரையில் நின்றே பறக்கலாம்

இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் (இயற்பியல்)



உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்னும் புலவர் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது, புறநானூற்றின் 27ஆம் பாட்டு. புலவர் பாடும் புகழுடையோர், ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் ஊர்தியில் விண்ணுலகு அடைவர் என்பது அதில் வரும் செய்தி. சீவக சிந்தாமணியிலோ, சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். இவற்றைச் சொல்வதால், அந்நாளிலேயே தமிழன் விமானம் விட்டான் என்று வாதாட வந்திருக்கிறேன் என யாரும் எண்ணிவிட வேண்டாம். அவை புலவர்தம் கற்பனை. கற்பனை என்பதனாலேயே அவற்றின் பெருமை குறைந்துவிடாது. ஆயின், ஓட்டுபவன் தரையிலே நிற்க, ஊர்தி மட்டும் விண்ணிலே செல்லும் காட்சியை இன்று எந்தத் திறந்த வெளியிலும் காண முடியும். வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பற்றியே இக்கட்டுரை.

இது குழந்தை விளையாட்டன்றோ என்று கேட்பவர் உண்டு. கடைகளில் விற்கும் பொம்மையை மனத்தில் வைத்துக் கேட்கும் கேள்வி அது. நான் சொல்லும் விமானத்துக்கு இறக்கை ஒரு மீட்டர் நீளம் இருக்கும். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. பெரிய விமானத்துக்கு உள்ள சுக்கானும் வாலும் மடிப்புகளும் இதற்கும் உண்டு. பெரியதைப் பறக்க வைக்கும் விதிகள் எவையோ, அவையே இதனையும் பறக்க வைக்கின்றன. விதியை மீறினால் இரண்டும் விழுகின்றன. சிறியது விழுந்தால் உயிர்ச்சேதம் இல்லை. அதனால்தான் அது நமக்கு ஆசிரியனாக இருக்க முடிகிறது.

புதுச்சேரியில் வாழும் நமக்கு இக்கலையின் வரலாற்றில் தனிச் சுவை உண்டு. ஏனெனில் அதன் தொடக்கம் பிரெஞ்சு மண்ணில். 1784இல் லொனுவா, பியன்வெனு என்னும் இருவர், பறவை இறகுகளைச் சுழல்தகடுகளாகக் கட்டி, வில்லின் விசையால் மேலெழும் சிறு பொறி ஒன்றைப் பாரிசின் அறிவியல் கழகத்தில் காட்டினர். 1871இல் அல்ஃபோன்சு பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய ரப்பர் பட்டையால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பாரிசின் துய்லரி பூங்காவில் 11 வினாடி பறக்க விட்டார். 11 வினாடிதானா என்று நகைக்க வேண்டா. ஆளின் கை படாமல், தானே நிலைகுலையாமல் பறந்ததுதான் அதன் சிறப்பு. வால் இறக்கையைச் சற்றே கீழ்நோக்கிய கோணத்தில் வைத்தால் விமானம் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். இன்றைய விமானங்களின் வாலிலும் அக்கருத்து வாழ்கிறது. அவர் வகுத்த முறையில் செய்த பறக்கும் பொம்மை ஒன்றை, 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், ரப்பர் பட்டை: அவ்வளவுதான் அதன் உறுப்புகள். அப்பிள்ளைகளின் பெயர் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1903 டிசம்பர் 17இல் அவர்கள் செய்ததை நாம் அறிவோம்.

வானொலியால் இயக்கும் எண்ணம் பின்னர் வந்தது. 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். 1937இல் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை வானொலியால் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டனர்.

இனி, அது இயங்கும் விதம். கையில் உள்ள டிரான்ஸ்மிட்டரில் இரண்டு குச்சிகள் உண்டு. அவற்றின் அசைவு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலைகளில் ஏறிச் செல்கிறது, அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் அதனைப் பெற்று, ‘சர்வோ’ எனப்படும் சிறு மோட்டார்களுக்குத் துடிப்புகளாகத் தருகிறது. வினாடிக்கு 50 துடிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லி வினாடி முதல் இரண்டு மில்லி வினாடி வரை நீடிக்கும். ஒன்றரை மில்லி வினாடி என்றால் சர்வோவின் கை நடுவில் நிற்கும். குறைந்தால் ஒரு பக்கம், கூடினால் மறுபக்கம் திரும்பும். ஒன்று மோட்டாரின் வேகம், ஒன்று மூக்கை ஏற்றி இறக்க, ஒன்று பக்கவாட்டில் சாய்க்க, ஒன்று சுக்கானைத் திருப்ப என நான்கு வழிகள் இருந்தால் விமானம் நம் சொற்படி கேட்கும். முன்னாளில் 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்தினர். ஒரே மைதானத்தில் இருவர் ஒரே அதிர்வெண்ணில் டிரான்ஸ்மிட்டரை முடுக்கிவிட்டால் பறந்துகொண்டிருக்கும் விமானம் கதிகலங்கி விழும். அதற்கென்றே பலகையில் ஆணியடித்து, இன்ன அலை இன்னாருக்கு என்று அட்டை மாட்டி வைப்பார்களாம். இன்றைய கருவிகள் அலைவரிசையைத் தாமே மாற்றி மாற்றித் தாவுவதால் அத்தொல்லை இல்லை.

முதலாண்டில் படித்த ஒரு கணக்கு இங்கே உயிர் பெறுகிறது. ஒரு விமானத்தை எல்லா அளவிலும் பத்தில் ஒன்றாகச் சுருக்குவோம். இறக்கையின் பரப்பு நூற்றில் ஒன்றாகும். கன அளவும் அதனோடு எடையும் ஆயிரத்தில் ஒன்றாகும். ஆக, இறக்கையின் ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்க வேண்டிய சுமை பத்தில் ஒன்றாகிறது. தூக்குவிசை வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பறக்கத் தேவையான வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று போதும். அதனால்தான் சிறு விமானம் கையால் எறிந்தாலே மிதக்கிறது.

எடை எவ்வளவு என்பதைவிட, எடை எங்கே என்பதே முதல் கேள்வி. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள இடத்தில் புவியீர்ப்பு மையம் அமைய வேண்டும். இரு விரல் நுனிகளை இறக்கைக்கு அடியில் வைத்துத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மையம் பின்னால் போனால் மூக்கு தூக்கி, வேகம் இழந்து, குட்டிக்கரணம் அடிக்கும். பேட்டரியை அரை அங்குலம் முன்னே நகர்த்தினால் அதே விமானம் சாதுவாகிவிடும். நம் ஆய்வுக்கூடத்தில் விடை என்ன வரவேண்டும் என்பது மூத்த மாணவர்களின் பதிவேடுகளிலிருந்து முன்னரே தெரிந்துவிடுகிறது. இங்கே பதிவேட்டைப் பார்த்து எழுத வழியில்லை, திருத்துவது காற்று!

வேதியியல் நண்பர்கள் கோபிக்க வேண்டா. அவர்களுக்கும் இங்கே பங்கு உண்டு. மின்மோட்டார்கள் பெருகுமுன் மாதிரி விமானங்களில் சிறு எஞ்சின்கள் இருந்தன. இன்றும் விரும்பிப் பயன்படுத்துவோர் உளர். மெத்தனால், நைட்ரோ மீத்தேன், ஆமணக்கெண்ணெய் ஆகிய மூன்றும் கலந்ததே எரிபொருள். ஆம், நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் விளக்கெண்ணெய்தான் அங்கே மசகு! தீப்பொறிக்கு மின்சுற்று கிடையாது. பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருளை ஒன்றரை வோல்ட் மின்கலத்தால் சூடேற்றித் தொடங்கிவிட்டால் போதும். பிறகு மின்கலத்தை எடுத்துவிடலாம். பிளாட்டினம் வினையூக்கியாகி மெத்தனாலை எரிக்க, அவ்வெப்பமே கம்பியைத் தணலாக வைத்திருக்கும். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஓர் அறைக்கு 3.7 வோல்ட், முழுதும் ஏற்றினால் 4.2. அதற்கு மேல் ஏற்றினாலோ, குத்துப்பட்டு உப்பியதைப் பயன்படுத்தினாலோ தீப்பற்றும். எனவே மின்னேற்றும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஹெலிகாப்டர் வேறு சாதி. விமானத்தின் குச்சியைக் கைவிட்டால், நன்றாகச் செய்யப்பட்டதாயின் அது தானே சற்றுத் தூரம் நேராகச் செல்லும். ஹெலிகாப்டரை விட்டால் அடுத்த நொடி அது சாய்ந்துகொண்டே போகும். மேலே தகடு ஒரு திசையில் சுழல, உடல் எதிர்த்திசையில் சுழல முயல்கிறது. அதைத் தடுக்கத்தான் வாலில் இன்னொரு சிறு தகடு. முன்னே போக வேண்டுமானால், சுழலும் தகட்டின் கோணத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைக்க வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை: சுழலும் பம்பரத்தைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாமல் 90 பாகை தள்ளிச் சாய்கிறதல்லவா, அதே போன்ற விளைவு இங்கும் உண்டு. ஜெர்மானியரான டீட்டர் ஷ்லூட்டர் 1970ஐ ஒட்டித்தான் சொன்னபடி கேட்கும் மாதிரி ஹெலிகாப்டரை உருவாக்க முடிந்தது. விமானத்துக்கும் அதற்கும் முப்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி! என் கருத்து, தொடக்கத்தில் ஹெலிகாப்டரைத் தொடவே கூடாது. அதன் தகடு கத்தியைவிடக் கொடிது. 2013இல் நியூயார்க்கின் புரூக்ளினில், நன்கு பழகிய இளைஞர் ஒருவர் தம் மாதிரி ஹெலிகாப்டரின் தகடு பட்டு உயிரிழந்தார்.

நம் பக்கத்திலேயே இக்கலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குச் சென்னைக் குரோம்பேட்டை சான்று. இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகனாகிய அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி. கல்லூரி அங்கேதான் உள்ளது. அங்கு உருவான ‘தக்ஷா’ மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. எட்டாத இடத்தில் இருக்கும் நோயாளியின் இரத்த மாதிரியை எடுத்து வருவதே அங்கு வைத்த சோதனை. அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்; மாதிரி ஹெலிகாப்டர் விடுவதைப் பல்லாண்டுப் பொழுதுபோக்காகக் கொண்டவர். அவரது திரைப்படங்களைப் பற்றி நம் விடுதியில் நடக்கும் விவாதங்களில் இச்செய்தி ஏனோ வருவதே இல்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும் மாதிரி விமானப் பயிற்சி உண்டு. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டிகளும் நடக்கின்றன.

“இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு” என்று ஒரு நண்பர் சொன்னார். நான் அதனை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். என் தந்தையார் கடல்தொழில் செய்பவர்; எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். டிரான்ஸ்மிட்டர், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அது எங்கள் வீட்டில் சிறு தொகையன்று. ஆனால் நால்வர் சேர்ந்தால் ஒரு டிரான்ஸ்மிட்டர் போதும். விமானம் உடைந்தாலும் அது உடைவதில்லை. விமானத்தின் உடலுக்கோ தெர்மோகோல் போதும். அல்லது விளம்பரப் பலகைகளில் பயன்பட்டுக் குப்பைக்குப் போகும் நெளி பிளாஸ்டிக் அட்டை போதும். அதற்கும் முன்னே, மோட்டாரே இல்லாமல், கையால் எறியும் மிதவை விமானம் ஒன்றைச் செய்து, மூக்கில் களிமண் ஒட்டி மையத்தைச் சரிசெய்து பழக வேண்டும். அதற்குக் காசே வேண்டாம். முழுதாகச் செய்து முடித்த ட்ரோன்களின் இறக்குமதியை அரசு 2022 பிப்ரவரியில் தடைசெய்தது, உறுப்புகளுக்குத் தடையில்லை. கையால் செய்பவனுக்கு இது பாதகமன்று.

உண்மையான இடர்ப்பாடு பணமன்று, இடம். நம் ஊர் விமான நிலையம் இலாசுப்பேட்டையில் இருப்பதை அறிவோம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் கட்டுப்படுத்தும். நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 60 மீட்டர் உயரம் உண்டு. அதற்கப்பால் பச்சை மண்டலமாயின் 120 மீட்டர். 8 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். கடற்கரைச் சாலையும் தாவரவியல் பூங்காவும் நம் விளையாட்டு மைதானமும் உள்ளே விழும். ஊர் முழுதும் உள்ளே! பயணிகள் விமானம் இறங்கும் வழியில் ஒரு கிலோ எடையை யாரும் பறக்கவிடக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் சென்னை மாணவனுக்குக் கிடைக்கும் பயிற்சி நம் மாணவனுக்கும் கிடைக்க வேண்டுமானால், ஊருக்கு வெளியே அனுமதி பெற்ற ஓர் இடத்தைக் கல்லூரி வழியாகக் கேட்டுப் பெறுவதே வழி. பேராசிரியர்கள் இதனைக் கருத வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை பாகூர்ப் பக்கம் ஏற்றது. அறுவடை முடிந்த வயல்கள். மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்து, நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, ‘டிஜிட்டல் ஸ்கை’ என்னும் அரசுத் தளத்தின் வரைபடத்தில் மண்டலத்தின் நிறத்தையும் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். கடற்கரை வேண்டாம், மணலும் உப்புக்காற்றும் மோட்டாரைத் தின்றுவிடும்.

நேரம் விடியற்காலை. தரை சூடேறக் கடற்காற்று எழும் என்பதை நாம் வெப்பவியலில் படிக்கிறோம். என் தந்தையார் அதைப் படிக்கவில்லை; ஆனால் வாடை, கொண்டல், கச்சான் ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் எப்போது திரும்பும் என்று சொல்வார். என் விமானத்தை முதலில் ஐயத்தோடு பார்த்தவர், பிறகு அதன் வாலைத் தொட்டு, “இது சுக்கான்தானே? காற்றுக்கு எதிரே முகத்தை வைத்து விடு” என்றார். எல்லாப் புத்தகங்களும் சொல்லும் முதற்பாடம் அதுவே: எழுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்து.

இன்னும் ஒன்று. விமானம் நம்மை விட்டு விலகும்போது அதன் வலம் நம் வலம்; நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நம் இடம். புதியவர் விமானத்தை வீழ்த்துவது பெரும்பாலும் இங்கேதான். எதிரே வருகையில் எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும், தாழ்ந்ததற்கு முட்டுக் கொடுப்பதுபோல. காலை 6 மணிக்குத் தொடங்கினால் இதனைப் பழக மூன்று மணி நேரம் கிடைக்கும். அதன் பிறகு வரப்போரத்துப் புல் சாயத் தொடங்கும். கடற்காற்று எழுந்துவிட்டது என்று பொருள். பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பேருந்துக்கு நடக்க வேண்டியதுதான்.